துடைக்காத விரல்

ஸ்கேன் அறை, மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், ஜன்னலே இல்லாத கீழ்த்தளத்தில் இருந்தது. தம்பி மத்தியானமே வந்து சேர்ந்தான். ரத்தத்தில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று டாக்டர் படம் பிடிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக்கு ஆள் சிக்காமல், ஸ்கேன் எடுக்கும் அக்கா கடைசியில் சொந்தத் தம்பியையே இழுத்து வந்திருந்தாள்.

காலையிலிருந்து பட்டினி. அப்படியும் அவனுக்கு வாய் ஓயவில்லை. அவளுக்கென்று ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு வந்தா வீட்ல சொல்லித் தொலைச்சிடாதே" என்றான்.

"அது வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போய்ப் படு."

அவன் இயந்திரக் குகைக்குள் போனான். கையில் செருகிய குழாய் வழியாக இன்சுலின் ஏறியது. அவள் அவன் விரல் நுனியைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம், டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அறைக்குக் கொண்டுவந்து சர்க்கரை மீட்டரில் வைத்தாள்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இறங்கவே மாட்டேங்குதே. இன்னும் கொஞ்சம் ஏத்துவோம்."

ஏற்றினார்கள்.

திரையில் தம்பியின் மூளை அணையத் தொடங்கியது. ஊருக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போவார்களே, அப்படி. மீட்டர்தான் சர்க்கரை நிறைய இருக்கிறது என்றதே? அவள் குழம்பிப்போய் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கையுறையில் ஆரஞ்சு வாசனை.

பழம் உரித்த அவன் விரலைத் துடைக்காமலே குத்தியிருக்கிறாள். மீட்டர் காட்டியது பழச்சாற்றின் சர்க்கரையை. அவன் ரத்தத்தில் அநேகமாக எதுவுமே மிச்சமில்லை.

"நிறுத்துங்க டாக்டர்! அவன் செத்துருவான்!"

படம் முழுக்கக் கறுத்துவிட்டது.

பிறகு எரிந்தது. ஒரு மூலை விடாமல், ஒரே நொடியில்.

ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பசிக்குது."

அது தம்பியின் குரல் இல்லை.

டாக்டர் உள்ளே ஓடிப் படுக்கையை வெளியே இழுத்தார். ஒரு கை அவர் தலைமுடியைக் கொத்தாகப் பற்றியது. இயந்திரத்தின் விளிம்பில் அவர் மண்டை மோதியது. மறுபடியும். மறுபடியும். எலும்பு நொறுங்கும் சத்தம் போய், ஈரத்தில் அறைவது போன்ற சத்தம் வந்தது. அதன் பிறகு அது குனிந்து, அவர் கழுத்தில் வாய் வைத்துக் கிழித்தது.

பின்னாலேயே ஓடிவந்த அக்கா குளுக்கோஸ் ஊசியோடு வாசலில் நின்றாள். ஓடிவிடலாம். ஆனால் ஓடினால் தம்பி இல்லை.

பாய்ந்து குழாயைப் பிடித்து ஊசியை அழுத்தினாள். அவளை அது சுவரில் தூக்கி அடித்தது. தோள் எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. ஆனாலும் மருந்து ஏறிவிட்டிருந்தது.

உடம்பு துவண்டு தரையில் விழுந்தது. ரத்தம் ஒழுகும் வாய் திறந்தது.

"அக்கா..."

அவள் தவழ்ந்து போய், நல்ல கையால் அவனை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். யார் செத்தால் என்ன, பிள்ளை பிழைத்துவிட்டான். அந்த நேரத்தில் அவளுக்கு அது மட்டுமே போதுமாக இருந்தது.

படுக்கை காலியாகக் கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் திரையில் ஒரு மூளை மங்கலாக, விட்டு விட்டு மினுங்கியது.

"அக்கா, இங்க ஒரே இருட்டா இருக்கு" என்றது ஒலிபெருக்கி, தம்பியின் குரலில். "நீ யாரைக் கட்டிக்கிட்டிருக்கே?"

அவள் முதுகில் கிடந்த கை மெல்ல இறுகியது.