பாதி வெளிச்சம்

மைக்கின் கம்பி பிடுங்கப்பட்டு மேசை ஓரமாகக் கிடந்தது. அறையில் யாரும் பேசவில்லை. இருந்தும் பல்பு ஒரு முறை பளிச்சென்று ஏறித் தணிந்தது.

தெல்மா திருப்புளியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்தாள். தகரக் கூரைமேல் மழை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பற்றவைத்த ஈயத்தின் புகையும், அடுப்பருகே உலரும் கம்பளிச் சட்டைகளின் ஈர வாடையும் சமையலறையை விட்டு வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மணி மூன்றே முக்கால். நாலு மணிக்குச் சிங்கி இறால் படகுகள் ஒவ்வொன்றாக ரேடியோவில் கூப்பிடும். கரையில் பதில் சொல்பவள் அவள்தான். இன்று மேற்குக் கடலில் இருந்தது அவள் கணவன் க்ளைவின் படகு மட்டும்.

மேசைமேல் திறந்து கிடந்த ஒலிபரப்புப் பெட்டியில், காலையில் கருகிய டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டாள். காற்றில் அறுந்த ஏரியலைக் க்ளைவின் தங்கை நோலீன் வெளியே ஏணிமேல் நின்று கட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை ஏரியலுக்குப் பதிலாக, பேச்சுக்கேற்ப ஏறி இறங்கும் இந்த டார்ச் பல்பு. பயஸ் வைப்பதுதான், அதாவது டிரான்சிஸ்டரில் ஓடும் மின்சாரத்தைத் திருகால் அளவாக்குவதுதான், பாக்கி. யாரும் பேசாதபோது பல்பு பாதி வெளிச்சத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் குரலுக்கு ஏறவும் இறங்கவும் இடம் இருக்கும். கூட்டினால் டிரான்சிஸ்டர் சூடேறிச் சாகும். குறைத்தால் சொற்கள் அறுந்துபோகும்.

நோலீன் ஜன்னலைத் தட்டினாள். "தெல்மா! முகத்துவாரத்துல அலை சுவர் மாதிரி எழும்பி ஒடையுதாம். அண்ணன உள்ள வர வேண்டாம்னு சொல்லு. ராத்திரி பூரா வெளியவே கெடக்கட்டும்."

"சொல்றேன். நீ மொதல்ல கம்பியக் கட்டு."

"கட்டிக்கிட்டுதானே இருக்கேன், மகாராணி! பதினோரு வருஷமா நீ சொல்லி அவன் எதக் கேட்டான்? இன்னைக்காவது கேக்கட்டும்." சிரித்துக்கொண்டே மறுபடி ஏணி ஏறினாள்.

பல்பு ஏறியது. இரண்டு சிறு துடிப்பு, ஒரு நீண்ட துடிப்பு, சற்று இடைவெளி. யாரோ பேசிவிட்டு மூச்சு வாங்குவதுபோல. பயஸ் கூடிவிட்டதோ என்று டிரான்சிஸ்டரைத் தொட்டாள். சூடு இல்லை. கிணற்றுக் கல்லின் குளிர்ச்சி. திருகைக் குறைத்தாள். பல்பு மங்கவில்லை. மாறாக, அலமாரியில் படகுகளுக்காக எப்போதும் திறந்திருக்கும் ரேடியோவின் இரைச்சல் விலகி, உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் தெளிந்து வந்தது.

"முகத்துவாரம் அமைதியா இருக்கு, க்ளைவ். நேரா உள்ள வா."

அது அவளுடைய குரல்.

"ஏய், இன்னும் கம்பியே கட்டல, அதுக்குள்ள என்னடி பேச்சு?" வெளியே நோலீன். பிறகு சிரிப்பில்லாமல்: "தெல்மா... ஏன் அவன உள்ள வரச் சொல்ற?"

தெல்மா மைக்கைச் செருகினாள். "வராதே! க்ளைவ், வராதே!" தொண்டை கிழியக் கத்தினாள்.

பல்பு அசையவில்லை. துளிகூட.

திருகை அடியோடு மூடினாள். பல்பு எரிந்தது. பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினாள். கம்பி அவள் கையில் இருந்தது. பல்பு எரிந்தது.

"சரி தெல்மா." ரேடியோவில் க்ளைவ். களைத்த, நிம்மதியான குரல். "உன் பேச்ச நம்பித் திருப்பிட்டேன். டீக்குத் தண்ணி வை."

ஏணி சாய்ந்து விழும் சத்தம். நோலீன் நனைந்து ஒழுக வாசலில் வந்து நின்றாள். திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

தெல்மா இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அந்தச் சின்னப் பல்பு ஏறி, இறங்கி, ஏறியது. அலமாரியில் அவள் குரல் பொறுமையாக, அன்பாக அழைத்துக்கொண்டே இருந்தது.

"வா க்ளைவ். இன்னும் கொஞ்சம். வா."