உரிக்காத தாள்

எண் ஏறவில்லை.

திரையின் மூலையில் ப்ராசஸரின் சூடு முப்பத்தெட்டு என்றே நின்றது. இந்நேரம் அது தொண்ணூறைத் தாண்டி, கம்ப்யூட்டர் தானாகவே அணைந்திருக்க வேண்டும். ஏனென்றால், ப்ராசஸரைக் குளிர்விக்கும் புதுக் கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை அண்ணன் உரிக்கவில்லை. 'மாட்டும் முன் இதை உரிக்கவும்' என்று சிவப்பில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டுத்தான் அப்படியே வைத்து ஸ்க்ரூக்களை இறுக்கினான். தாள் இருந்தால் சூடு வெளியேறாது, உள்ளேயே தங்கும்.

கம்ப்யூட்டர் தம்பியுடையது. நாளைக்குள் அவன் தன் முதல் அனிமேஷன் படத்தை முடித்து ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை நிச்சயம். அதே ஸ்டுடியோ அண்ணனை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. தம்பிக்கு மௌஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். "சின்னவன் பெரியவனைத் தூக்கிச் சாப்பிட்டுட்டான்டா" என்று அப்பா சிரித்தபோது, அவனும் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தான். வயிறு மட்டும் எரிந்தது.

பக்கத்து அறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "எவ்ளோ காட்டுதுண்ணா?"

"முப்பத்தெட்டு."

"நீ கை வச்சா எல்லாம் சரியாயிடும்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் படுத்துக்கறேன். தலை என்னமோ சுடுது."

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மதியம். அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருந்தார்கள். திரைச்சீலை அசையாத அந்த அறையில் பழைய தூசியின் நெடியும், கூலரின் சீரான இரைச்சலும், சுவருக்கு அப்பால் தம்பியின் மின்விசிறி சுற்றுக்குச் சுற்று எழுப்பிய 'டிக்'கும் மட்டுமே இருந்தன. ப்ராசஸரைச் சூடேற்றிப் பார்க்க ஓடவிட்டிருந்த சோதனையின் பளுவை அண்ணன் கூட்டினான். முப்பத்தெட்டு. இன்னும் கூட்டினான். அப்போதும் முப்பத்தெட்டுதான். ஈரத்துணியை இஸ்திரி போடுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. கம்ப்யூட்டரை மோந்து பார்த்தான். அதிலிருந்து வரவில்லை.

"அண்ணா, ஃபேனைப் போடேன்."

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவன் சோதனையை நிறுத்தினான். "அப்பாடா" என்றது சுவருக்கு அப்பால். மறுபடி ஓடவிட்டான். முனகல். நிறுத்தினான். முனகல் நின்றது.

சூடு எங்கே போகிறதென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மௌஸிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கை மடியில் சும்மா இருக்கவில்லை. நாளைக்கு இந்த நேரம் அப்பா ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். சின்னவன், சின்னவன், சின்னவன்.

இன்னும் ஒரே ஒரு தடவை. சரிபார்க்கத்தானே.

உச்சத்தில் வைத்து அழுத்தினான். சரிபார்க்கத் தேவைப்பட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஓடவிட்டான்.

கட்டில் கிறீச்சிட்டது. மறுபடி. வேகமாக. பிறகு இல்லை.

ஒயரைப் பிடுங்கினான். ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கூலரைத் தூக்கினான். அடியில் வெறும் உலோகம். சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒழுங்காகப் படிந்திருந்தது. தாள் இல்லை. மேஜையில் இல்லை. தரையில் இல்லை. குப்பைக்கூடையில் இல்லை.

ஓடினான்.

தம்பி மல்லாந்து கிடந்தான். தலையணை பழுப்பேறிக் காய்ந்திருந்தது. நெற்றியில் சதுரமாக ஒரு பளபளப்பு.

தொட்டான். விரல் பொசுங்கியது. நகத்தால் சுரண்டினான். ஓரம் அகப்படவில்லை. தாள் தோலின்மேல் இல்லை. அடியில் இருந்தது.

"நீ வந்துட்டியாண்ணா?" கண் திறக்காமல் தம்பி சிரித்தான். "இனி சரியாயிடும்."

தோலுக்குள்ளிருந்து சிவப்பு எழுத்துகள் துலங்கின. 'மாட்டும் முன் இதை உரிக்கவும்.' அவற்றின் கீழே, ஒவ்வொன்றாக, சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பத் தொடங்கின.