உயிரோடு நானூறு பேர்

காலை பத்து மணிக்கு நர்ஸ் பெனிட்டா கட்டில் கட்டிலாக வந்து தலை எண்ணுவாள். எண்ணிக்கை வாசல் பலகையில் ஏறும். ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டால் உறவினர்கள் எட்டிப் பார்ப்பார்கள். புதிய நோயாளி என்றால் முகம் மலரும். மங்கையர்க்கரசிக்கும் மலர்ந்தது. அதற்கு வெட்கப்படுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

உள்ளே நுழையும் ஆன்டிபயாடிக்கை இந்த நோயின் கிருமிகள் பம்பு போட்டதுபோல் வெளியே இறைத்துவிடும். அந்தப் பம்பை அடைப்பதுதான் துணைமருந்து. சில நாட்களில் கிருமி அதற்கும் மாற்றுவழி கண்டுவிடும் என்பதால் ஒவ்வொரு துணைமருந்தும் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அடுத்ததை வடிவமைக்க மூன்று ஆண்டு. எனவே, நோயாளிகள் உயிரோடு நானூறு பேர் சேர்ந்தால்தான் மருந்துப் பெட்டியைத் திறக்கலாம் என்பது விதி. மருந்தை வடிவமைத்தவள் மங்கையர்க்கரசி. விதியை எழுதியவளும் அவளே.

அவள் கணவன் தணிகாசலம் பஸ் டிப்போவில் கையைக் கிழித்துக்கொண்டு, புண்ணில் அதே கிருமி ஏறி இங்கே வந்து சேர்ந்தான். "எனக்காக நாலஞ்சு பேரைக் குறைச்சு எழுதக் கூடாதாடி?" என்று முதல் நாள் சிரித்துக்கொண்டே கேட்டான். மூன்றாம் நாள் கேட்டபோது சிரிக்கவில்லை. நானூறு சேருமுன் கொடுத்தால் அவர்கள் உடம்பிலேயே கிருமி தேறிவிடும், பிறகு வருகிறவர்களுக்குப் பயன்படாது என்று விளக்கினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

நான்காம் நாள் பலகையில் 396.

ஐந்தாம் நாள் ஒன்பதரைக்கு ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பமே வந்தது: தாய், இரண்டு பிள்ளைகள், மாமனார். வார்டில் யாரும் இறந்திருக்கவில்லை. நானூறு. மங்கையர்க்கரசி அதைச் சொல்லத் திரும்பியபோது தணிகாசலத்தின் மூச்சு நின்றிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் தன் மகளின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். மங்கையர்க்கரசி போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெனிட்டா வந்து நின்றாள். "சார் தூங்குறாரா மேடம்?"

"இப்பதான் கண்ணசந்தார். எழுப்பாதீங்க."

பெனிட்டா அவன் முகத்தைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டு நகர்ந்தாள்.

பெட்டி திறந்தது. மருந்தைச் செய்தவளின் கணவன் என்ற மரியாதையில் முதல் ஊசி அவனிடம் வந்தது.

"பக்கத்துப் பொண்ணுக்குப் போடுங்க சிஸ்டர்."

பெனிட்டா ஊசியோடு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள்.

மூன்று ஆண்டுக்கு முன் விதி எழுதியபோது கணக்கில் வந்த விடை 387. பூஜ்யத்தில் முடிந்தால் நன்றாக இருக்குமென்று மங்கையர்க்கரசிதான் அதை நானூறாக்கியிருந்தாள்.