காற்றுச் செய்தி

பன்னிரண்டாம் வரிசையில் இருந்த கைநாட்டு மாசானத்தினுடையது இல்லை.

நூலக வருகைப் பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து வைத்துப் பார்த்தார். மற்றவற்றை அவருக்கு நன்றாகத் தெரியும். நேற்று மாலை தன் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி மையில் ஒற்றி அவரே வைத்தவை. பன்னிரண்டாவதை மட்டும் விட்டுவிட்டோம் என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இப்போது அங்கே ஒரு பெரிய கட்டைவிரல் பதிந்திருந்தது, வெகுநேரம் தண்ணீரில் ஊறினாற்போல் சுருக்கம் சுருக்கமாக. சுற்றிலும் காகிதம் ஈரம். தொட்டு, ஏனென்று தெரியாமல், நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், மீனவர் குப்பத்தின் ஓரத்தில் இருந்தது அந்தக் கிளை நூலகம். மேலாபீசில் பணமில்லை என்று இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பத்திரிகை ஒன்றாகி, அந்த ஒன்றும் நின்றது. மின்சாரம் போய் அரிக்கேன் விளக்கு வந்தது. பெருக்கிக்கொண்டிருந்த செல்லம்மாவை நிறுத்தினார்கள். சுவரில் ஒரு பலகை வெறுமனே இருந்தது. முன்பு அதில் ரேடியோ இருந்ததாம். கடைசியாக வந்தது ஓர் உத்தரவு: நாளுக்கு இருபத்தைந்து வாசகர் வராத கிளைகள் ஐம்பத்துநாலாம் வருஷப் பங்குனியோடு மூடப்படும். பத்திரிகையே இல்லாத நூலகத்துக்கு எவன் வருவான்? ஆறு பேர் வந்தால் அதிசயம். அவர்களும் இருட்டுவதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

மூடினால் மாசானத்துக்கு வேலை போகும். படுத்துக்கொள்ளும் பின்னறையும் போகும். தை மாதம்தான் தென்காசிப் பக்கத்திலிருந்து நூலகராக மாற்றலாகி வந்தவர். வயசு ஐம்பதை நெருங்கிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். இந்த ஊர்ப் பேச்சு பாதி புரியாது, புரிந்தாலும் பேச ஆளில்லை. சில நாள் மாலையில், அலமாரிப் புத்தகங்களைத் தட்டித் தூசி போக்கும்போது, யாராவது இருமினால்கூடத் தேவலை என்றிருக்கும் அவருக்கு.

அப்போதுதான் அலமாரியின் அடியில், வலை நூலால் கட்டிய உறுப்பினர் அட்டைகள் கிடைத்தன. எண்ணினால் பத்தொன்பது. ஆறும் பத்தொன்பதும் இருபத்தைந்து. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தார். கண்ட பேரை எழுதினால்தானே மாட்டிக்கொள்வோம். இவை பட்டியலில் உள்ள பேர்கள். எல்லாரும் கைநாட்டு ஆசாமிகள். வேலை இன்னும் சுலபம்.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். தனியாளுக்கு அதுவும் ஒரு பேச்சுத்தானே. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பேராகச் சொல்லி எழுதுவார். எத்திராஜ். சுப்புராயன். பொன்னுரங்கம். ஆளில்லாத கூடத்தில் அந்தப் பேர்கள் ஓட்டில் பட்டுத் திரும்பி வருவது அவருக்குத் துணையாகக்கூட இருந்தது.

அந்தக் கைநாட்டுக்குப் பிறகு வேறு சிலவும் கண்ணில் பட்டன. மழை பெய்து இரண்டு மாதமாகியும் சுவரோரப் பெஞ்சில் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். மறுநாள் இரண்டு இடத்தில். அதற்கு மறுநாள் ஐந்து. வாசல் நிலைப்படியில் மணல். பழைய பத்திரிகைக் கட்டிலும் அவர் தலையணையிலும் பாசி நாற்றம். பின்னறையில் படுத்திருக்கும்போது கூடத்தில் பெஞ்சு கிறீச்சிடும், பலர் நெருக்கி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் இடம் விடுவதுபோல. எழுந்து பார்க்க அவருக்குப் பயம். ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது, அதுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை அந்தியில், விட்டுப்போன தன் துடைப்பத்தை எடுத்துப்போகச் செல்லம்மா வந்தாள். அவர் அப்போதுதான் விளக்கேற்றி எழுத ஆரம்பித்திருந்தார். மூன்றாவது பேரைச் சொன்னதும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யார் பேர சொல்லிக்கினு கீற சார்?"

மாசானம் மழுப்பிப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை. அந்தப் பத்தொன்பது பேரும் போன ஐப்பசிப் புயலில் ஒரே விடியலில் போனவர்கள் என்றாள். ஒரு பிணம்கூடக் கரை ஒதுங்கவில்லை. அட்டைகளைக் கட்டி வைத்தது பழைய நூலகர் ஸ்டானிஸ்லாஸ். கட்டிய கையோடு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அந்த ஆட்கள் படிக்க வந்தவர்கள் இல்லை. தினமும் பொழுது சாய வந்து, கைநாட்டு வைத்து, சுவரோரம் உட்கார்ந்து, ரேடியோவில் காற்றுச் செய்தி கேட்பார்கள். அதைக் கேட்டுத்தான் மறுநாள் கட்டுமரம் தள்ளுவதா வேண்டாமா என்று முடிவாகும். செலவைக் குறைக்கிறோம் என்று புரட்டாசியில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறமும் பழக்கம் விடாமல் வந்து, காலிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார்கள். அப்படிப் போன ஒரு மாலைக்கு மறுநாள்தான் புயல்.

"கடலோட போனவன் பேர வெளக்கு வெச்சப்புறம் நாங்க சொல்ல மாட்டோம் சார்," என்றாள். "கூப்ட்டா வந்துடுவான்."

"வந்தா?"

"எத்த கேக்க வந்தானோ அத்த கேக்காம போவ மாட்டான்."

அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. மெதுவாகச் சுவரோரப் பெஞ்சுக்குப் போய், மூன்றாவது ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இது பொன்னுரங்கம் எடம்," என்றாள். "எங்க வூட்டுக்காரரு."

துடைப்பத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. இன்னும் இரண்டு மாலைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினார், வாயை இறுக மூடிக்கொண்டு. இன்ஸ்பெக்டர் வந்தார், பதிவேட்டைப் புரட்டினார், மூக்கைச் சுளித்தார், பேஷ் என்றார். பதில் வரும்வரை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். பத்து நாளில் தபால் வந்தது. கிளை மூடப்படாது. மாசானம் அழுதேவிட்டார்.

அட்டைகளைப் பழையபடி கட்டி அலமாரியின் அடியில் தள்ளினார். அன்று ஒரு பேரும் எழுதவில்லை, சொல்லவுமில்லை. பதிவேட்டில் தேதி போட்டு, ஏழாம் வரிசையிலிருந்து வெறுமையாக விட்டு, விளக்கேற்றினார்.

கடல் இரைச்சல் நின்றுபோயிருந்தது. இந்த மூன்று மாதத்தில் ஒரு கணம்கூட நிற்காத இரைச்சல் அது. அதன் இடத்தில், வாசலுக்கு வெளியே, ஈர மணலில் கால் புதைந்து எடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. பின்னால் இன்னொன்று. அவசரமில்லாத நடை, வேலை முடிந்து வழக்கமான இடத்துக்கு வருகிறவர்களின் நடை.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் வரிசையில் காகிதம் நனைந்தது. கைநாட்டு விழுந்தது. எட்டு. ஒன்பது.

பெஞ்சு கிறீச்சிட்டது. மறுபடியும்.

இருபத்தைந்து.

எட்டு மணிக்கு மூடும் மணியை எடுத்து அடித்தார். வழக்கத்தைவிட இரண்டு முறை அதிகமாகவே அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தார். சுவரோரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பத்தொன்பது பேர். கோவணமும் தலைப்பாகையுமாக. தண்ணீர் சொட்டச் சொட்ட. மூன்றாவது ஆள் சற்று முன்னால் சாய்ந்து, காதின் பக்கம் கையைக் குவித்திருந்தார். எல்லா முகமும் காலிப் பலகையை நோக்கி இருந்தது.

எதையாவது சொல்லியாக வேண்டும். கூடத்தில் புதுக் காகிதம் என்று இருந்தது ஒன்றுதான். மடித்து வைத்திருந்த தபாலை விரித்தார். படித்தார்.

"வாசகர் வருகையை முன்னிட்டு, இக்கிளை, மறு உத்தரவு வரும்வரை, விடுமுறை எதுவுமின்றித் தினமும் மாலை திறந்திருக்க வேண்டும்..."

முகங்கள் பலகையிலிருந்து அவர் பக்கம் திரும்பின. கண் இருந்த இடங்களில் மணல்.

முடித்தார். காத்திருந்தார்கள். அதில் காற்று இல்லை. கடல் இல்லை. அவர்கள் கேட்க வந்தது இல்லை.

தரையில் பரவிய நீர் அவர் பாதத்தைத் தொட்டது. சில்லென்றிருந்தது.

மாசானம் காகிதத்தை விளக்கருகே பிடித்து, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.