பன்னிரண்டு குழந்தைகளின் பாலேடு

காலை ஆறு மணிக்கு அடியூரின் கூரை விளக்குகள் மஞ்சளாக மாறும்போது செந்தாமரை பால்கூடத்தைத் திறந்துவிடுவாள். ஏழாம் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கென்று மூன்று லிட்டர் பால், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில், மலையுச்சியின் மூடிய தொழுவத்திலிருந்து மின்தூக்கியில் இறங்கி வரும். அம்மாக்கள் டம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். கால் லிட்டர் கரண்டியால் ஆளுக்கொரு கரண்டி. அவளுடைய மூன்று வயது மகள் பவளமும் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

சேர்வராயன் மலைக்கு அடியில் குடைந்த இந்த ஊருக்கு மக்கள் இறங்கி அறுபது வருஷம் ஆகியிருந்தது. மேலே பகல் வெயிலில் மனிதர் நிற்க முடியாது. வெயில் படாத உடம்பில் எலும்பு உறுதிப்படாது என்பதால் பெரியவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி உண்டு. குழந்தைகளுக்கு அந்த ஊசி ஆகாது. அவர்களுக்குத் தேவையான வைட்டமின் டியைப் பாலில் கலந்து அனுப்பினார்கள். அதற்கு ஊரில் வெயில்சத்து என்று பெயர். "பாப்பா வெயில் குடிச்சாச்சா?" என்றுதான் தாய்மார் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

ஒரு சித்திரை மாதத்தில் தொழுவத்து மெக்கானிக் துரைக்கண்ணு தூக்கோடு தானும் இறங்கி வந்தார்.

"சமனாக்கி மெஷினோட வால்வு வெடிச்சுப்போச்சும்மா. மாத்து வர நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் பாலைச் சுத்தம் பண்ணி, சத்தைக் கலந்து, அப்படியே அனுப்பிடுவோம்."

"குழந்தைங்க குடிக்கலாமாங்க?"

"தாராளமா. மாட்டுப் பால் இயற்கையா இப்படித்தான் இருக்கும். என்ன, நின்னா பிரிஞ்சிடும். கொழுப்பு லேசு பாருங்க, மேல ஏறி ஏடா நிக்கும். மெஷின் பாலை ஊசித்துளை மாதிரி இடுக்குல அழுத்திப் பீய்ச்சி, கொழுப்புத் துளியை எல்லாம் பொடிச்சுடும். பொடிச்ச துளிக்கு மேல ஏறத் தெம்பு கிடையாது. அதனாலதான் இத்தனை நாளா முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒண்ணா இருந்துச்சு."

கிளம்பப் போனவர் நின்று திரும்பினார். "வெயில்சத்து தண்ணியில சேராதும்மா, கொழுப்புலதான் சேரும். ஏடு எங்கயோ சத்தும் அங்கதான். ஊத்தறதுக்கு முன்னால அடிவரைக்கும் கலக்குங்க. மறந்துடாதீங்க."

அவள் மறக்கவில்லை.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது தூக்கின் மேல்பாகத்தில் இளமஞ்சளாக, விரலளவுக்கு ஏடு நின்றது. அப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை. வெதுவெதுப்பாக ஒரு மணம் எழுந்தது. பவளம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்த நேரம் அது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எதை ஊட்டினாலும் துப்பினாள். செந்தாமரை கலக்கும் மத்தைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள். பவளத்துக்குச் சேர வேண்டியதும் ஒரு கரண்டிதானே, அதை மேலேயிருந்து எடுத்தால் என்ன என்று தோன்றியது. கரண்டியைச் சாய்த்து ஏட்டை வழித்துத் தன் டம்ளரில் ஊற்றி மூடினாள். அதன் பிறகு மீதியை அடிவரைக்கும் கலக்கினாள். பதினோரு பேருக்கும் ஒரே மாதிரிதான் ஊற்றினாள்.

பவளம் டம்ளரைக் காலி செய்துவிட்டு உதட்டை நக்கினாள். பத்து நாளைக்குப் பிறகு குழந்தை வயிறு நிறையக் குடித்ததைப் பார்த்து செந்தாமரைக்குக் கண் கலங்கியது. உடம்பு தேறும்வரை போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

உடம்பு தேறியது. கன்னம் உப்பியது. நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். ஒருநாள் நிறுத்தியும் பார்த்தாள். எல்லோருக்கும் கலக்கியதையே பவளத்துக்கும் கொடுத்தபோது குழந்தை டம்ளரைத் தள்ளிவிட்டு, "மஞ்சப் பால்" என்று அழுதது. மறுநாள் மறுபடியும் மத்துக்கு முன்னால் கரண்டி போயிற்று.

மூன்றாம் மாதம், அடுத்த வீட்டு ஜெபமலர் வரிசை முடிந்த பிறகும் நின்றாள். அவள் மகள் ரெபேக்காவுக்கு இரண்டு வயது. நடக்க ஆரம்பித்திருந்த பிள்ளை இப்போது இடுப்பைவிட்டு இறங்க மறுத்தது. காலைத் தொட்டால் சிணுங்கியது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பால் தண்ணியாட்டம் இருக்குதே, உங்களுக்கு அப்படித் தெரியலையா?"

செந்தாமரை தூக்கைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "புதுப் பால் அப்படித்தான் இருக்கும் மலரு."

"நீங்க சொன்னா சரிதான்க்கா."

அந்தப் பதில் அவளுக்குள் முள்ளாக இறங்கியது. ஆனாலும் மறுநாள் காலை கை பழகிய இடத்துக்கே போனது. இத்தனை நாள் கழித்து நிறுத்தினால் அதுவரை செய்தது தப்பென்று ஆகிவிடுமே என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

தெருவில் இன்னும் இரண்டு குழந்தைகளின் கால் வளைந்தது. டாக்டர் யூசுப் பன்னிரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்று அம்மாக்களை எல்லாம் சிகிச்சைக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

"பதினோரு பேருக்கு வெயில்சத்து பாதிக்கும் கீழ இருக்கு. ஒரு குழந்தைக்கு மட்டும் அளவுக்கு எத்தனையோ மடங்கு மேல காட்டுது. ஒரே தூக்குப் பால் குடிக்கிற பிள்ளைங்களுக்குள்ள இப்படி வர வாய்ப்பில்லை. கருவியிலதான் கோளாறுன்னு நெனைக்கிறேன். செந்தாமரையம்மா, பவளத்துக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துடலாமா?"

அவள் மடியில் இருந்த பவளம் டாக்டரின் ஊசியை நினைத்து முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சரி என்று ஒரு சொல் சொன்னால் இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். எதிரில் ஜெபமலரின் மடியில் ரெபேக்காவின் கால்கள் வில்லாகத் தொங்கின.

"கருவியில கோளாறு இல்லைங்க டாக்டர்," என்றாள் செந்தாமரை. "கலக்கறதுக்கு முன்னால ஏட்டை எடுத்து என் பிள்ளைக்குக் கொடுத்துட்டேன். தினமும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஜெபமலர்தான் பேசினாள். குரல் உயரவில்லை.

"புதுப் பால் அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்களே அக்கா."

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு பேருக்கும் சொட்டு மருந்து வந்தது. ரெபேக்காவின் கால்களுக்குச் சட்டம் கட்டினார்கள். அவை நேராக இரண்டு வருஷம் ஆகலாம், முழுக்க நேராகும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். மிகுந்துபோன சத்து பவளத்தின் சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது. இரண்டு மாதம் பால் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கட்டளை. அன்பு என்று நினைத்து ஊற்றியது தன் பிள்ளைக்கும் நஞ்சாகியிருந்தது என்பதை செந்தாமரை மருத்துவச் சீட்டில் படித்தாள். அதை யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

தெருக்கூட்டம் கரண்டியை அவளிடமிருந்து வாங்கி ஜெபமலரிடம் கொடுத்தது. அவளை யாரும் திட்டவில்லை, ஊரைவிட்டு அனுப்பவும் இல்லை. ஒரு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

சமனாக்கிக்குப் புது வால்வு வர இன்னும் தாமதமாயிற்று. இரண்டு மாதம் கழித்து பவளத்துக்குப் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் செந்தாமரை வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் நேராக நின்றுகொண்டார்கள். ஜெபமலர் ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் தூக்கின் அடிவரைக்கும் மத்தைவிட்டுக் கலக்கினாள்.

முறை வந்தது. செந்தாமரை இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். குறைத்து ஊற்றட்டும், ஒரு மடக்காவது குறைத்து ஊற்றட்டும் என்று அவள் மனம் கெஞ்சியது. ஜெபமலர் மற்றவர்களுக்குக் கலக்கியது போலவே கலக்கினாள். கரண்டியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி மட்டம் பார்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் முழுதாக ஊற்றினாள்.

"பாப்பாவுக்கு ஆற விடாமக் குடுங்க," என்றாள், டம்ளரைப் பார்த்தபடியே.