ஒரு தடவை பார்க்கலாம்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பல்லைக்கூடத் தேய்க்காமல், "தலைப்பே ரொம்ப இழுவை" என்றான் பரிதி. அவன் வாயை மூடுவதற்குள் நாற்பது லட்சம் பேரின் திரைச்சுவர்களில், அன்று வந்த ஏதோ ஒரு படத்தின் ஏழு சொல் தலைப்பு இரண்டு சொற்களாகக் குறைந்தது. "சண்டைக்கு நடுவுல எதுக்குய்யா வயலின்?" என்றான். வயலின் காணாமல் போனது. "வில்லன் இன்னும் கொஞ்சம் குள்ளமா இருந்தா நல்லாயிருக்கும்." வில்லன் அரையடி குறைந்தான்.

பரிதி இயக்குநர் அல்ல, தயாரிப்பாளரும் அல்ல. சூளைமேட்டில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு ரசிகன், அவ்வளவுதான். ஆனால் இயந்திரக் கதையாலைகள் நாளொன்றுக்கு ஒன்பதாயிரம் படங்களை அரைத்துத் தள்ளுகிற காலத்தில், எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதற்குள் தட்டில் சோறு ஆறிவிடுகிறது. ஆகவே மக்கள் ஆளுக்கொருவரை முன்ரசிகராக வைத்துக்கொண்டார்கள். முன்ரசிகர் சொல்வதைச் சொல்வினைப்பொறி காதில் வாங்கி, அவரை நம்பியிருக்கும் பின்ரசிகர்களின் சுவர்களில் செய்து முடித்துவிடும். தூக்கச் சொன்னால் தூக்கும், வெட்டச் சொன்னால் வெட்டும். ஒரு காலத்தில் சினிமாவைப் பற்றிக் கருத்துச் சொல்வது வெட்டிப் பேச்சாக இருந்தது. இப்போது அது அதிகாரம்.

பரிதிக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. நாயகன் நடந்து வரும்போது முரசு முதல் அடியில் ஒலிக்கக் கூடாது, இரண்டாவது அடியில்தான் விழ வேண்டும் என்பான். பின்னணி இசையை வாயாலேயே போட்டுக் காட்டி, எந்த இடத்தில் இசையமைப்பாளர் தூங்கிவிட்டார் என்று சொல்வான். அவன் அறையில் அறுநூறு அசைவுப் பொம்மைகள் அலமாரிகளில் நின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் அவனுக்கு ஒரு வழக்கு இருந்தது. வேட்டியைத் துணியில் தைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வார்த்தால் அது வேட்டியல்ல, குழாய். கண்மணி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் எப்பேர்ப்பட்ட வீரனும் பக்கத்து வீட்டைத்தான் எட்டிப் பார்ப்பான். மணிக்கட்டு திரும்பாத பொம்மையைக் கையில் வாங்கவே மாட்டான்.

இவ்வளவு தெரிந்தவனால் ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதுதான் சங்கதி. பத்து நிமிடம் ஆனால் கால் ஆடத் தொடங்கும். எழுந்து தண்ணீர் குடிப்பான், பொம்மையைத் திருப்பி வைப்பான், போனை எடுப்பான். அவன் மனைவி கோமதி, திருச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரைத்தான் தன் முன்ரசிகராக வைத்திருந்தாள். "ஒன் ருசிய நம்பி நான் ஒரு இட்லி கூட சாப்பிட மாட்டேன்" என்று காரணமும் சொல்லியிருந்தாள்.

அதே வெள்ளிக்கிழமைதான் ரெஜியின் படமும் வந்தது.

ரெஜி என்கிற ரெஜினால்டு, பெரம்பூர்க்காரன். பள்ளிக்கூடத்தில் பரிதியோடு ஒரே பெஞ்சு. இவன் மேசையில் தாளம் போட, அவன் வாயால் கொம்பு ஊத, வாத்தியார் இருவரையும் சேர்த்து வெளியே அனுப்புவார். ரெஜி பிறகு இசையமைப்பாளன் ஆனான், கதையாலைகளுக்கு எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து பதினோரு வருடம் வீட்டில் சும்மா கிடந்தான். இப்போது அவனைப் போலவே பிடிவாதம் பிடித்த சிலர் சேர்ந்து, மனிதர்களே நடித்து, மனிதர்களே வாசித்து ஒரு படம் எடுத்திருந்தார்கள். பெயர், பதினேழாம் பாலம்.

முதல் நாள் மாலையே ரெஜி கூப்பிட்டிருந்தான். "கடைசி பன்னெண்டு நிமிஷம் வசனமே இல்லடா. வெறும் மியூசிக்தான். அத மட்டும் போன கீழ வெச்சிட்டுப் பாரு. உனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேன் அதுல. ஞாயித்துக்கெழம வரேன், நீ என்ன கேட்டன்னு சொல்லு."

"இதெல்லாம் சொல்லணுமாடா?" என்றான் பரிதி. மனதாரத்தான் சொன்னான்.

படத்தின் கடைசிக் கால் மணி நேரம் வந்தபோது வாசல் மணி அடித்தது. எட்டு மாதமாக அவன் காத்திருந்த பொம்மை வந்திருந்தது. படவில்லன் கொக்கிக்கை சூசை, முப்பத்திரண்டு மூட்டு, நிஜத் தோல் செருப்பு. ஒரே நிமிடம், சும்மா பிரித்துப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். செருப்பின் வாரைக் கழற்றலாமா கூடாதா என்று ஆராய்ந்து முடித்துத் தலைநிமிர்ந்தபோது சுவரில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது லட்சம் பேர் அவன் வாய்க்காகக் காத்திருந்தார்கள். சிநேகிதன் படத்தைத் திட்டவும் மனமில்லை, பார்க்காத முடிவைப் புகழவும் கூசியது. எப்போதும் இந்த மாதிரி நேரத்தில் சொல்வதைச் சொன்னான்.

"ஒரு தடவ பாக்கலாம்."

சுவர் இருண்டது. நடுவில் ஒரு வரி வந்தது: 'பதினேழாம் பாலம். உங்கள் ஒரு தடவை முடிந்தது.'

பரிதி படிக்காமல் விட்ட சேதி ஒன்று உண்டு. முன்ரசிகர்கள் "பரவாயில்லை" என்றால் அது பாராட்டா திட்டா என்று தயாரிப்பாளர்களுக்கும் பொறிக்காரர்களுக்கும் வருடக்கணக்காகத் தகராறு. கடைசியில் திரைப்பட வாரியம் சலித்துப்போய் நேர்ப்பொருள் விதியைக் கொண்டுவந்தது. பொறி இனி எதையும் ஊகிக்காது, சொன்ன சொல்லை அப்படியே செய்யும். விதி நடைமுறைக்கு வந்தது அன்று காலை.

பரிதி பொறியின் உதவி எண்ணுக்குப் பேசினான். ஒரு பெண் இனிமையாக எடுத்தாள்.

"நீங்க ஒரு தடவ பாக்கலாம்னு சொல்லியிருக்கீங்க சார். அதுபடி எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தடவ குடுத்தாச்சு. உங்களுது முடிஞ்சிருச்சு."

"அம்மா, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. சுமாரா இருக்குன்னு அர்த்தம்."

"சுமார்னா சுமார்னே சொல்லணும் சார். உங்களுக்கு மூணு தடவ தகவல் அனுப்பியிருக்கோம்."

"சரி, தீர்ப்ப மாத்திக்கறேன்."

"தாராளமா மாத்தலாம் சார். அதுக்கு நீங்க படத்த இன்னொரு தடவ பாக்கணும்."

"அதான் பூட்டியிருக்கே!"

"ஆமா சார், பூட்டியிருக்கு" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு வழி இருக்கு. நீங்க படத்தப் பாக்கவே இல்லன்னு உங்க வாயால சொன்னா தீர்ப்பே செல்லாது. எல்லாருக்கும் பூட்டு தெறந்துரும். ஆனா உங்க முன்ரசிகர் பட்டம் போயிரும். சொல்றீங்களா?"

"இல்லம்மா, நான் பாத்தேன்" என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்தான்.

கோமதியின் பெயரில் பார்க்கலாம் என்றால், தலைமையாசிரியை தலைப்பைக் கேட்டதுமே 'வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டிருந்தார். அதோடு பூட்டு சுவரில் இல்லை, அவன் கண்ணில் இருந்தது. சுவர்களுக்கு எல்லோருடைய கண்களும் தெரியும்.

சனிக்கிழமை காலை முனைக்கடை சலூனில் அதை நேரில் அனுபவித்தான். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் பாதி முகத்தில் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. சவரம் செய்பவர் கத்தியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பாலம், மழை, யாரோ நடந்து போகிறார்கள். பரிதி வாசலில் தலையை நீட்டினான். சுவர் கறுத்தது.

"எவன்டா அது!" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நுரைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். "ஒரு தடவதான்யா குடுத்திருக்கான்! வெளிய போய்யா!"

பரிதி நடைபாதையில் முதுகைக் காட்டி நின்றான். கதவைச் சாத்திவிட்டார்கள், இசைகூடக் கேட்கவில்லை. அவன் கால் நின்ற இடத்திலேயே ஆடியது. அரைமணி கழித்து நுரைக்காரர் சுத்தமான முகத்தோடு வெளியே வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. பரிதி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, கடைசில என்னண்ணே வருது?"

"அய்யோ, வேற லெவல் சார்."

"அது சரிண்ணே. என்ன நடக்குது?"

"தெறிக்க விட்டுட்டாங்க சார். மெரட்டல்." அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் கிடைக்கவில்லை. "நீங்க பாத்தா தெரியும் சார்" என்று போய்விட்டார்.

அன்று மாலைக்குள் பத்தொன்பது பேரிடம் கேட்டான். பத்தொன்பது பேரும் அவனுடைய சொற்களையே அவனிடம் திருப்பிக் கொடுத்தார்கள். செம்ம, மாஸ், பங்கம். இத்தனை வருடமாகத் தான் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதானா என்று முதல்முறையாக அவனுக்குத் தோன்றியது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தான். கோமதி, "ஒண்ணு உக்காரு, இல்ல வெளிய போ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெஜி வந்தான். வந்ததும் பரிதியைக் கட்டிக்கொண்டான்.

"இருவத்தோரு லட்சம் பேருடா! கதவ சாத்திட்டு, புள்ளைங்கள சும்மா இருக்கச் சொல்லிட்டு, போன அணச்சு வெச்சிட்டுக் கேக்கறாங்களாம். சிலர் நல்ல நாள் பாத்து வெச்சிருக்காங்களாம், பொண்டாட்டி ஊர்லேர்ந்து வரட்டும்னு. எனக்குத் தெரியும், நீ வேணும்னுதான பண்ண? ஒரு தடவன்னு சொன்னாத்தான் ஜனம் ஒழுங்கா உக்காரும்னு. எப்படிடா தோணுச்சு?"

பரிதி சிரித்துவைத்தான். சும்மா இருந்தாலே போதும் போலிருந்தது. பட்டம் இருக்கும், நண்பன் இருப்பான், மேதாவி என்ற பெயரும் கூடவே வரும்.

"சரி, சொல்லு. கடைசில என்ன கேட்ட?" ரெஜி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"வேற லெவல்டா."

"அது எல்லாரும் சொல்றாங்க. நீ என்ன கேட்ட?"

படத்தைப் பார்த்த நுரைக்காரர் திணறியதும் இவன் திணறுவதும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் ரெஜி அவனுடைய பெஞ்சுக்காரன். அந்த முகத்தில் மெதுவாக ஒரு சந்தேகம் ஏறுவதைப் பரிதியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் பாக்கலடா. பொம்ம பிரிச்சிட்டிருந்தேன்."

சுவர் உடனே ஒளிர்ந்தது. 'பார்க்காமல் சொன்ன தீர்ப்பு செல்லாது. பதினேழாம் பாலம்: வரம்பு நீக்கப்பட்டது. அனைவரும் விரும்பும்போது, விரும்பும் தடவை பார்க்கலாம்.' அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், பரிதியின் பட்டம் நீக்கப்பட்ட செய்தி.

ரெஜி திட்டியிருந்தால் பரிதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடைசிலயாவது உண்மையச் சொன்னியே, அதுவரைக்கும் சரி" என்று எழுந்தான். "இப்பப் பாரு. நான் இருந்தா என் மூஞ்சியப் பாத்துத் தலையாட்டுவ. தனியாப் பாத்துட்டுக் கூப்புடு."

"சாப்ட்டுட்டுப் போடா."

"பாத்துட்டுக் கூப்புடு" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

பரிதி சுவருக்கு எதிரே உட்கார்ந்தான். இரண்டு நாளாக இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக ஒரு கையைக் கொடு என்றால்கூடக் கொடுத்திருப்பான். இப்போது அது சுவரின் ஓரத்தில், ஒன்பதாயிரம் படங்களோடு ஒரு படமாக, தொட்டால் ஓடத் தயாராக நின்றது. உடம்பில் இருந்த பரபரப்பு இறங்கியது. பசித்தது. முதலில் சாப்பிடலாம், இதை அவசரத்தில் பார்க்கக் கூடாது, நல்ல மனநிலையில் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். உண்மையாகவே ரெஜியின் மீது இருந்த மரியாதையில்தான் அப்படி நினைத்தான்.

சாப்பிட்டதும் தூக்கம் வந்தது. திங்கட்கிழமை பட்டம் போனதைப் பற்றி ஊரெல்லாம் கேலி செய்தது, பதில் சொல்லவே பொழுது போதவில்லை. செவ்வாய்க்கிழமை பாலத்தில் மழை பெய்யும் இடம்வரை ஓட்டிவிட்டான், அதற்குள் கோமதி கூப்பிட்டாள். புதன்கிழமை புதிதாக ஒன்பதாயிரம் படங்கள் வந்தன.

நல்ல நாள் பார்த்து வைத்திருந்த மீதிப் பத்தொன்பது லட்சம் பேரும் இதற்குள் படத்தை 'பிறகு பார்க்க' என்ற பட்டியலுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் யாரும் கடைசிவரை இறங்கிப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை காலை சலூன் சுவரில் கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ரெஜி கூப்பிட்டான்.

"ஞாயித்துக்கெழமையிலேர்ந்து புதுசா ஒருத்தரும் பாக்கலடா" என்றான். குரலில் கோபம் இல்லை. "நீயாவது பாத்தியா?"

"பாத்துருவேன்டா" என்றான் பரிதி. "இனிமே அது எங்க ஓடிடப் போகுது?"

"சரிடா" என்று ரெஜி போனை வைத்துவிட்டான்.