காப்பித்தூளும் ஒரு துளி ரத்தமும்

லேப் டெக்னீஷியன் ஜெபக்குமார் ஊசி முனையால் ரூத்தின் காது மடல் நுனியைத் தொட்டான்... அவ்வளவுதான். மறு நொடி அவள் கை கைப்பைக்குள் போய், ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்து, ஒரு சிட்டிகை காப்பித்தூளைக் காதில் அப்பிவிட்டது.

லேப் முழுக்கக் காப்பி வாசனை.

"இன்னா மேடம் இது?"

"ரத்தம் வந்துச்சே..."

"வரணும்னுதான் குத்துனேன்."

ரூத் அசடு வழிந்தாள். வெளியே செங்கல்பட்டு ரயில் நிலையத்தை மழை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தது. கடவாய்ப் பல்லை எடுக்கும் முன், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று பார்த்து வரச்சொல்லி பல் டாக்டர் அனுப்பியிருந்தார். எதைப் பார்க்க வந்தாளோ அதையே அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் மகராசி.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அச்சரப்பாக்கத்தில் அவள் வீட்டில் யாருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் காப்பித்தூள் டப்பாதான் முதலில் ஓடி வரும். அவளுடைய சித்தி செல்லம்மா, பிள்ளை பெற்ற அன்றே ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். 'அந்த வூட்டுப் பொண்ணுங்களுக்கு ரத்தம் நிக்காது' என்று ஊர் பேச ஆரம்பித்தது. ரூத்தைப் பார்க்க வந்த வரன்களும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பின. திருப்போரூரில் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீசில் ஊராருக்கெல்லாம் மனை காட்டி வாயடித்துக்கொண்டிருந்தவளுக்கு, தனக்கென்று ஒரு வீடு அமையவில்லை. இன்று இந்த டெஸ்டிலும் ஊர் சொன்னதே உண்மையாகிவிட்டால்... அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"சரி, இந்தக் காது போச்சு. அந்தப் பக்கத்துக் கம்மலைக் கழட்டுங்க," என்றான் அவன். காப்பித்தூளை எடுத்துத் தன் பக்கம் பத்திரமாக வைத்துக்கொண்டான். தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, அழுத்தக்கூடாது... தானாக நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டான்.

இரண்டாவது முறை குத்தினான். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை நீட்டி, காதைத் தொடாமல், துளியை மட்டும் ஒற்றி எடுத்தான். தாளில் ஒரு சிவப்புப் பொட்டு... பக்கத்தில் இன்னொன்று... மூச்சு விட்டால் கேட்கிற தூரத்தில் அவன் முகம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் கண்களையே பார்த்தாள்.

"நிக்கலைல்ல?"

"பேசாதீங்க. காது ஆடுது."

பொட்டுகள் கோலப்புள்ளி மாதிரி நீண்டுகொண்டே போயின. சித்தி இப்படித்தான் காத்திருந்தாளோ... ஆனால் அடுத்த பொட்டு கொஞ்சம் சிறுத்திருந்தது. அதற்கடுத்தது மிளகளவு. அப்புறம் கடுகளவு. அப்புறம்... தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

அவள் அந்த வெள்ளையையே பார்த்தாள்.

"யாரு நிறுத்துனது?"

"நீங்கதான். உள்ள இருந்து," என்றான். "நானும் தெனம் பார்த்துகினுதான் கீறேன். இன்னும் ஆச்சரியமாத்தான் கீது."

பொய்யில்லை. அந்தக் கண்கள் அப்படியே மலர்ந்திருந்தன. அவள் ரத்தத்தைப் பயப்படாமல் பார்த்த முதல் கண்கள் அவை. அழகான கண்கள் என்பதையும் அவள் கவனிக்காமல் இல்லை!

வழக்கத்தைவிட நேரம் கூடுதலாகத்தான் ஆகியிருக்கிறது என்பதை அவன் மறைக்கவில்லை. பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். பிறவியிலேயே வந்த லேசான குறை, பிரசவமோ ஆபரேஷனோ என்றால் முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். சித்திக்கும் இதுவே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் என்றார். பல்லையும் நல்லபடியாக எடுத்தாயிற்று. எடுத்த இடம் எப்படியிருக்கிறது என்று ஜெபக்குமார் போனில் விசாரித்தான். பல் போன பிறகும் பல்லைப் பற்றிய விசாரிப்பு மட்டும் ஓயவில்லை. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி டீ குடித்த நாளில், அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் பெண் கேட்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டான்.

ரூத்துக்குள் ஏதோ சுருக்கென்றது. பாவம் பார்க்கிறான்... டெஸ்ட் செய்தவனாயிற்றே.

"பரிதாபப்பட்டு ஒண்ணும் என்னைக் கட்டிக்க வேணாம்," என்று எழுந்தவள், அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம். சதுரங்கப்பட்டினத்தில் மனை பார்க்க வந்தவர்களை அனுப்பிவிட்டு, அங்கிருந்த பழைய கோட்டைக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி அலையோரம் நடந்தாள். உடைந்த சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கிழித்தது. ஈர மணல் சிவந்தது. கைப்பையில் காப்பித்தூள் பொட்டலத்தைத் தேடி எடுத்தபோது, மீன் பையோடு ஒருவன் ஓடி வந்தான். ஜெபக்குமாரின் வீடு அந்த ஊரில்தான் என்பதையே கோபத்தில் மறந்திருந்தாள்.

ஜெபக்குமார் பையை வைத்துவிட்டு மண்டியிட்டான். பாட்டில் தண்ணீரால் காயத்தைக் கழுவி, துவைத்த கைக்குட்டையை வைத்து அழுத்தினான்.

"இப்ப அழுத்தலாம். இது டெஸ்ட் இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தான். மறுபடி கசிந்தது. மறுபடி அழுத்தினான். அவள் வீட்டில் என்றால் இதற்குள் நாலு பேர் அழுதிருப்பார்கள். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நிக்கலைன்னா?"

"நிக்கும். கொஞ்சம் லேட்டாவும். எனக்கு இன்னா அவசரம்?"

அலை வந்து போனது... வந்து போனது. கடைசியில் அவன் மெல்லக் கைக்குட்டையை விலக்கினான். புதுச் சிவப்பு இல்லை.

"பார்த்தீங்களா..." என்று நிமிர்ந்தவனின் கண்களில் அதே மலர்ச்சி. ஏதோ அதிசயத்தை முதல் தடவை பார்ப்பவனைப் போல.

இதையா பரிதாபம் என்று நினைத்தேன்... ரூத்துக்குத் தன் மேலேயே கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன் உடம்பைப் பற்றி இப்படி வியந்து நிற்க இந்த உலகத்தில் ஒருவன் இருக்கிறான். இத்தனை நாளும் அவளே அதைச் செய்ததில்லை.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு," என்றாள். "காது ஆடுதுன்னு சொன்னீங்களே... அப்பவே."

அவன் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பிரிக்காத பொட்டலத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

"ஞாயித்துக்கெழம அம்மாவைக் கூட்டிகினு பொண்ணு பார்க்க வாங்க. இதுலதான் காப்பி போட்டுத் தருவேன்."

ஜெபக்குமார் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினான்.

"அதுவரைக்கும் வேற எதுக்கும் பிரிச்சுடாதீங்க," என்றான்.